ஆய்வு வகுப்பும் என் இடது காதும்

இந்தச் சனிக்கிழமை பாடம் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தலையே போனாலும் சரி. தலை போகாமல் முடிந்தால் இன்னும் நல்லது.

எங்கள் குடியிருப்பில் நான்கு குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், சேர்ந்து நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம். ரொட்டிக்கடைக்காரர் பின்னம் எடுப்பார். வகுப்பு முடிந்ததும் பின்னத்தைப் பிள்ளைகள் தின்றுவிடுவார்கள். கீழ்வீட்டு நர்ஸம்மா உடற்கூறு. தச்சர் வடிவியல். என் மனைவி தமிழ், கணக்கு, அதட்டல். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற எனக்கு மாதம் ஒரு சனிக்கிழமை அறிவியல். போன மாதம் கப்பியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். ஏழு பிள்ளைகளில் ஐந்து பேர் தூங்கினார்கள். மிச்ச இரண்டு பேர் அவர்களை நான் எழுப்பிவிடாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தத் தடவை என்ன பாடம்?" என்றாள் மனைவி.

"ஆய்வு."

"ஓய்வா?"

"ஆய்வு! பிள்ளைங்களே ஏதாவது ஒண்ணைப் பார்த்து, அளந்து, எழுதணும். வாத்தியார் குறுக்கிடவே கூடாது."

"வாத்தியார் என்ன பண்ணுவாரு?"

"கண்ணை மூடிக்கிட்டு யோசிப்பாரு."

"நல்லா இருக்குங்க!"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் யோசனை ஒன்றை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இங்கே என் இடது காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் மோட்டார் சத்தத்தில் அது மந்தமாகிவிட்டது. அப்படித்தான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். 'குப்பையைக் கொட்டுங்க', 'துணியை மடிங்க' எல்லாம் அந்தக் காதுப் பக்கம் வந்து, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

சனிக்கிழமை வந்தது. "போங்க, ஆராய்ச்சி பண்ணுங்க!" என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, வலது காதைத் தலையணையில் புதைத்து சோபாவில் சாய்ந்தேன். சுகமான தூக்கம். நடுவில் குப்பை என்று ஏதோ குரல். நான் அசையவில்லை. பிறகு கேக் என்று ஒரு குரல். எழுந்து உட்கார்ந்தேன். கேக் இல்லை. கனவுதான் என்று மறுபடி படுத்தேன்.

சாயங்காலம் நான்கு குடும்பங்களும் எங்கள் கூடத்தில் கூடின. என் ஒன்பது வயது மகள் காகிதத்தோடு எழுந்தாள்.

"எங்க ஆய்வுத் தலைப்பு: அப்பாவின் இடது காது."

எனக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டன.

"மூணடி தூரத்துல நின்னு, 'குப்பையைக் கொட்டுங்க'ன்னு பத்து தடவை கத்தினோம். ஒண்ணும் நடக்கலை. அப்புறம் சமையலறைக் கதவுக்குப் பின்னாடி நின்னு 'கேக்'னு கிசுகிசுத்தோம். ரெண்டே விநாடில எழுந்துட்டாரு."

"ஒரே ஒரு தடவையை வச்சு முடிவுக்கு வரக் கூடாதும்மா," என்றார் நர்ஸம்மா. நல்ல மனுஷி.

"நாலு தடவை, அத்தை. மூணாவது தடவை 'எங்கே?'ன்னுகூடக் கேட்டாரு."

"சரி, முடிவு என்ன?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"அப்பாவுக்குக் காது நல்லாக் கேக்குது. சொன்ன பேச்சுதான் கேக்க மாட்டேங்கிறாரு."

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. நான் மனைவியை முறைத்தேன்.

"நீதானே தலைப்பு எடுத்துக்குடுத்தே?"

"வாத்தியார்தானே குறுக்கிடக் கூடாதுன்னீங்க? இன்னைக்கு வாத்தியார் நீங்க. நான் வெறும் பொண்டாட்டி."

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழு பிள்ளைகளும் ஏழு வரைபடம் போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. தச்சர் வந்து என் தோளைத் தட்டினார். "சார், இந்த வருஷத்துலயே இதான் பிரமாதமான வகுப்பு. இனிமே நீங்க இல்லாம அறிவியல் வகுப்பே நடக்கக் கூடாது!"

நெஞ்சு நிமிர்ந்தது. அந்த மிதப்பில் குப்பைக் கூடையைக்கூட நானே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தேன். அதற்குள் அடுத்த மாதத்துக்கான பாட அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருந்தாள் மனைவி. ஆவலோடு அறிவியல் வரிசையைப் பார்த்தேன். ஆசிரியர் என்ற இடத்தில் என் மகள்.

நானும் இருந்தேன், 'தேவையான பொருட்கள்' என்ற இடத்தில், பூதக்கண்ணாடிக்கும் அளவு நாடாவுக்கும் நடுவில்.