கருத்துப்போன ஆயிலும் கலங்காத நானும்

தவறு என் பக்கம் இருக்கும்போதுதான் எனக்குத் தைரியம் அதிகமாக வரும். நியாயம் என் பக்கம் இருந்தால் கொஞ்சம் தயங்குவேன், மென்று விழுங்குவேன், "பரவாயில்லை, விடுங்க" என்று திரும்பி வந்துவிடுவேன். தவறு என்றால் மட்டும் ஓர் அடி பின்வாங்க மாட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் நாத்தனார் சுமதியின் நிச்சயதார்த்தத்தை நான் கிட்டத்தட்ட நிறுத்திய கதையைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் குற்றவாளியை அறிமுகப்படுத்திவிடுவதுதானே முறை.

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூரில் போல்ட்டும் நட்டும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. மேஜையில் குவியும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மரையைச் சோதித்து, சரியில்லாததன் தலையில் சிவப்பு பெயின்ட் வைக்க வேண்டும். எட்டு வருஷம் இப்படி வைத்து வைத்து, வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. தோசை ஓரம் கருகியிருந்தால் ரிஜெக்ட். சட்டை காலர் மடிந்திருந்தால் ரிஜெக்ட். (வீட்டுக்காரரை மட்டும் அந்த வேலையில் சேர்வதற்கு முன்பே கட்டிக்கொண்டுவிட்டதால் ஒன்றும் செய்ய முடியவில்லை.)

அந்த வருஷம்தான் டீசல் கார் ஒன்று வாங்கியிருந்தோம். சுமதிக்கு பெங்களூர் மாப்பிள்ளை அமைந்ததும் அதே வருஷம்தான். ஏற்கெனவே இரண்டு இடங்கள் கைகூடி வந்து தட்டிப்போயிருந்ததால் என் மாமியார் சரியாகச் சாப்பிட்டே ஆறு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். பத்தரைக்கு மேல், பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குவதற்குள் தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளையையும் அவருடைய அப்பா அம்மாவையும் காரில் போய் அழைத்து வருவது என் பொறுப்பு. பொறுப்பை யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

கார் ஆயில் மாற்ற வேண்டிய சமயமும் அதுதான். காரோடு வந்த கையேட்டை அடிக்கோடு போட்டுப் படித்து, எந்த கிரேடு என்று கையில் எழுதிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பாஷா பாய் கடைக்குப் போனேன்.

"சாதா டீசல் ஆயிலே போதும் மேடம். நம்ம ஊர்ல எல்லாரும் அதான் போடறாங்க" என்றார் பாய்.

"சிந்தடிக் குடுங்க. கையேட்டுல அதுதான் ஒசத்தின்னு போட்டிருக்கு."

"ஒசத்திதான், இல்லேங்கல. ஆனா டீசல் வண்டியில ஒண்ணு..."

"எனக்குத் தெரியும் பாய்" என்று சொல்லிவிட்டேன். அவர் சொல்ல வந்ததை அன்றைக்குக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

பக்கத்து ஷெட் மெக்கானிக் கெம்பண்ணா பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதிதை ஊற்றினார். தேன் மாதிரி இறங்கியது. பார்க்கவே மனசு நிறைந்தது. மறுநாள் வேலைக்குப் போய்வந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, கம்பெனி வெள்ளைத் துணியில் துடைத்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லைப்புற ஊரில் போலி ஆயில் நிறைய நடமாடுகிறது என்று யாரோ சொன்னது வேறு ஞாபகம் வந்தது. துணியை ஏந்திக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். அங்கே ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

"டூப்ளிகேட் ஆயிலு விக்கிறீங்களா பாய்? ஒரே நாள்ல இப்படிக் கருத்துப் போச்சு, பாருங்க!"

"மேடம், டீசல் இன்ஜின்ல ஆயிலு கருப்பாகத்தான் ஆகும். உள்ள இருக்கற கரியை அது வாங்கிக்குது. கருப்பானா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"நான் எட்டு வருஷமா இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன். எங்கிட்டயே கதை விடறீங்களா?"

வாங்க வந்தவர்களில் இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள். பாய் பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். அதையே குற்ற ஒப்புதல் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி பஸ் டிரைவரிடம் சொல்லி பெங்களூரிலிருந்து வேறு சிந்தடிக் ஆயில் வரவழைத்தேன். வெள்ளிக்கிழமை ஊற்றினோம். சனிக்கிழமை காலையில் கம்பியைத் துடைத்தால் அதுவும் கருப்பு. பெங்களூரிலும் போலி! நாடே கெட்டுப்போய்விட்டது என்று வருத்தப்பட்டேனே தவிர, நான் கெட்டுப்போயிருக்கலாம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. மூன்றாவதாக இன்னொரு டப்பாவுடன் போனபோது கெம்பண்ணா கையெடுத்துக் கும்பிட்டார்.

"பேட அக்கா, வேணாம். நல்ல ஆயிலு. நான் மாத்த மாட்டேன்."

"நீங்க மாத்தலைன்னா நானே மாத்திக்கிறேன்."

"ஓடுதா? அப்ப விடு" என்று வீட்டுக்காரர் தேங்காய் மூட்டையைச் சுமந்தபடி சொன்னார். விடுவேனா? அன்று சாயங்காலம் காரை மேட்டில் ஏற்றி நிறுத்தி, பழைய நைட்டியோடு அடியில் நுழைந்து, ஆயிலை இறக்கி, மூன்றாவது ஆயிலை ஊற்றினேன். ஆயில் ஒழுகாமல் அடியில் அடைத்திருக்கும் போல்ட்டைப் பதினாறாம் நம்பர் ஸ்பேனரால், உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி முடுக்கினேன். கடைசியில் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இறுகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஞாயிறு காலை பெங்களூர் போய்ச் சேர்ந்தது கார். மாப்பிள்ளை வீட்டார் மூவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மாப்பிள்ளையின் அம்மா மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் முன்னால் உட்கார்ந்து, "பொண்ணு வீட்ல பொம்பளைங்களே கார் ஓட்டறாங்க, பரவாயில்லையே" என்றார். தலை கால் புரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஓசூருக்குக் கொஞ்சம் முன்னால், அத்திப்பள்ளி தாண்டியதும், எதிரே சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் இல்லை என்று அர்த்தம். அதுவும் கையேட்டில் படித்ததுதான். ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். நாங்கள் வந்த ரோடு நெடுக மை தீட்டியதுபோல ஒரு கோடு. போல்ட்டைக் காணோம்.

மணி பத்தே முக்கால். வந்த பஸ் ஒன்றிலும் கால் வைக்க இடமில்லை. எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிரே எஸ்.டி.டி. பூத் இருந்தது. என் கைப்பையில் இருந்த ஒரே போன் நம்பர், ஆயில் வாங்கிய பில்லில் அச்சடித்திருந்தது. காலம் என்னைப் பார்த்துச் சிரித்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"பாய்... நான்தான்..."

"டூப்ளிகேட் மேடமா? சொல்லுங்க."

சொன்னேன். "நிச்சயதார்த்தமா? அங்கயே நில்லுங்க" என்று போனை வைத்துவிட்டார். முக்கால் மணி நேரத்தில் ஆயில் டப்பாக்களோடு அவருடைய டெம்போ வந்து நின்றது. கூடவே வந்த கெம்பண்ணா காருக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, மரை மொத்தமும் போயிட்டுது. நீங்க போல்ட்டு செக் பண்ற வேலைதானே?" என்று சந்தேகம் கேட்டார்.

காருக்குக் கெம்பண்ணாவைக் காவல் வைத்தோம். மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் டெம்போவின் பின்னால் டப்பாக்களுக்கு நடுவே ஏறிக்கொண்டார்கள். முன்னால் பாய்க்கும் சம்பந்தியம்மாவுக்கும் நடுவில் நான். எங்கேயும் ஓட முடியாத இடம்.

"நீங்க இவங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"நான் போலி ஆயிலு விக்கிறேன்னு ஊரைக் கூட்டுனவங்கம்மா இவங்க" என்றார் பாய், ரோட்டைப் பார்த்தபடி.

அதற்கு மேல் தாங்கவில்லை. அழுதுவிட்டேன். வெள்ளைத் துணியில் தொடங்கி நறுக்கென்ற சத்தம் வரை எல்லாவற்றையும் சொல்லி, "மன்னிச்சிடுங்க பாய். அத்தனை பேர் முன்னால அவமானப்படுத்திட்டேன்" என்றேன்.

"நழுவிப் போனாங்களே, அந்த ரெண்டு பேரு மறுநாளே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. அழுவாதீங்க மேடம், மணியாவுது" என்று அழுத்தினார் வண்டியை.

சம்பந்தியம்மா முந்தியைத் தூக்கிப் பார்த்தார். டெம்போவில் ஏறும்போது பட்டதோ என்னவோ, அதில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக ஆயில் அப்பியிருந்தது. கல்யாணம் போச்சு என்றே முடிவு செய்துவிட்டேன். சுமதியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

பதினொன்றே முக்காலுக்கு டெம்போ எங்கள் வாசலில் நின்றது. மாப்பிள்ளை டப்பாக்களுக்கு நடுவிலிருந்து குதித்து இறங்கியதும் நாதஸ்வரக்காரர் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். பந்தலில் உட்கார்ந்தபிறகு, என் மாமியார் தட்டைக் கையில் எடுத்து, "சம்பந்தி, சீர்வரிசை என்ன எதிர்பார்க்கறீங்கன்னு சொல்லிட்டா..." என்று இழுத்தார்.

சம்பந்தியம்மா கறைபட்ட முந்தியை எல்லாரும் பார்க்கும்படி மடியில் விரித்துக்கொண்டார்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. உங்க மருமக கிட்ட இருக்கற ஸ்பேனரை மட்டும் இந்தத் தட்டுல வெச்சுடுங்க."

வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு பதினாறாம் நம்பர் ஸ்பேனரும் மாறியது. பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு என் மாமியார் அன்றைக்குத்தான் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சுமதிக்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து காலேஜுக்கும் போயாயிற்று. ஸ்பேனர் இன்னும் பெங்களூரில், சம்பந்தியம்மா பீரோவில், அந்த மாம்பழப் பட்டுக்கு அடியில் இருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, திருப்பித் தாருங்கள் என்று போன மாதம்கூடக் கேட்டுப் பார்த்தேன்.

"ஒழுகறது தண்ணிதானே? கருப்பா வந்தா சொல்லு, பாத்துக்கலாம்" என்று போனை வைத்துவிட்டார்.