மேற்படி அறையும் மேற்படி மாடிப்படியும்

தச்சநல்லூர்,
செவ்வாய்க்கிழமை, காலை.

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி பெருமாள்ராஜ் அவர்களுக்கு,

வன்னியராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தேன்மொழி, எங்கள் வீட்டின் மூன்று பக்கச் சுவர்கள் எல்லாம் நலம். நான்காவது பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே தாங்களும், சுடலைவடிவு அக்காவும், மாப்பிள்ளையும், எங்கள் மகள் சுகன்யாவும், அவள் வயிற்றிலிருந்துகொண்டு இன்னும் முகம் காட்டாத நம் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க நெல்லையப்பரை வேண்டுகிறேன்.

கைக்குள் போன் இருக்க இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். தாங்கள் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், நான் ஒரு தும்மல் தும்மினால்கூட அக்கா அடுப்படியிலிருந்து "சம்பந்திக்குச் சளியா?" என்று கேட்கிறார்கள். இது அக்கா காதுக்குப் போகக் கூடாத சமாச்சாரம். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் தங்கள் உரக்கடை முகவரிக்கு அனுப்புகிறேன். படித்ததும் ஏதாவது ஒரு மூட்டைக்கு அடியில் வைத்துவிடவும்.

விஷயம் இதுதான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பிள்ளையைத் தலைப்பிரசவத்துக்கு நாங்கள் அழைத்து வர வேண்டும் என்பது முறை. அந்த முறையில் ஒரு பதினைந்து நாள் மட்டும் தாங்கள் பெரிய மனது வைத்துத் தளர்த்த வேண்டும். "மருமகளைப் பிரிய மனசு வரல, ரெண்டு வாரம் எங்களோடயே இருக்கட்டும்" என்று தாங்களே சொல்வதுபோல் சொல்லிவிட்டால் என் மானம் வள்ளியூர் வரை வந்து கப்பலேறாது. ஏனென்றால், அவள் வந்து படுக்க வேண்டிய அறையின் கதவில் இப்போது மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் படுக்கை அறை மாடியில், வெஸ்டர்ன் டாய்லெட்டும் மாடியில். அந்தப் படிகளில் நானே பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுகிறேன். நிறைமாதக்காரி எப்படி ஏறுவாள்? கீழே ஓர் அறை வேண்டும். வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டு கிருபைராஜ் சாரின் காம்பவுண்டுக்கும் நடுவில் எங்களுக்குச் சொந்தமான ஆறடி இடைவெளி, உடைந்த வாளியும் ஒரு பப்பாளி மரமுமாகச் சும்மா கிடந்தது. கொத்தனார் செந்தூர்பாண்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கு ஆபீசுல பெர்மிஷன் வாங்கணுமாப்பா?" என்று கேட்கவும் செய்தேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அண்ணாச்சி, அப்ரூவல்ங்கது வீட்டுக்கு. இது என்ன வீடா? ரெண்டு சுவருக்கு நடுவுல ஒரு கூரையப் போடுதோம், அம்புட்டுதான். இதுக்குப் போயி ஆபீசுக்கு அலைவாகளா?" என்றான். கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருக்கிறவன் நான். விதி என்றால் என்னவென்று தெரியாதவன் இல்லை. இருந்தாலும் நமக்குச் சாதகமாகச் சொல்கிறவன்தான் சட்டம் தெரிந்தவன் என்று அந்த நேரத்தில் தோன்றிவிட்டது. நாற்பது நாளில் அறை எழும்பிவிட்டது.

அதே சமயத்தில் கிருபைராஜ் சாரும் தன் மாடிக்கு வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படி போட்டார். அவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், "காபி குடிக்கேளா?" என்று கேட்டாலே நமக்கு விறைப்பாக நிற்கத் தோன்றும். பதினெட்டு வருடமாகத் தீபாவளிக்கு முறுக்கு இங்கிருந்து அங்கே, கிறிஸ்துமஸுக்குக் கேக் அங்கிருந்து இங்கே. ஒரு சண்டை கிடையாது. ஆனால் அந்தப் படி முடிகிற இடத்தில் நிற்பதற்காக வைத்த இரும்புத் தட்டு, காம்பவுண்டைத் தாண்டி ஒன்றரை அடி எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அங்கே நின்றால் எங்கள் அடுப்படி முழுசும் தெரியும். அவர் வீட்டம்மா அமலோற்பவம் அக்கா உவரிக் கடற்கரைக்காரர்கள், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். துணி காயப்போட அந்தத் தட்டுக்கு வந்தவர்கள் அங்கிருந்தபடியே, "என்ன தேனு, முந்தாநாள் கொழம்பு இன்னும் தீரலயா?" என்று கேட்டுவிட்டார்கள். தேன்மொழி அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள். "இங்கேருங்க, ஊருக்கெல்லாம் மனு எழுதிக் குடுக்கேளே, ஒங்க பொண்டாட்டிக்கு ஒண்ணு எழுத மாட்டேளோ?"

எங்கள் தெருவில் குடிநீர்க் குழாயா, தெருவிளக்கா, நாய்த் தொல்லையா, எதற்கும் மனு எழுதித் தருகிறவன் நான்தான் என்பது தாங்கள் அறிந்ததே. எழுதினேன். "மேற்படி மாடிப்படியின் மேற்படி தட்டானது மேற்படி தெருவாசிகளின் காற்று, வெளிச்சம், அந்தரங்கம் ஆகியவற்றுக்குப் பேரிடையூறாக உள்ளது" என்று மாநகராட்சிக்கு இரண்டு பக்கம். கீழே "பொதுநலன் விரும்பும் குடிமகன்" என்று மட்டும் போட்டேன். தச்சநல்லூரில் போட்டால் தெரிந்துவிடும் என்று ஜங்ஷன் வரை பைக்கில் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமலே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். மொட்டைக் கடுதாசி போடுகிறவர்கள் எல்லாம் கோழைகள் என்று முன்பு பேசியிருக்கிறேன். இல்லை சம்பந்தி, அதற்கும் ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது.

பத்தே நாள். கிருபைராஜ் சார் கையில் ஒரு நோட்டீஸோடு எங்கள் வீட்டுக்குள் மார்ச் பண்ணி வந்தார். "வே வன்னியராஜ்! எவனோ ஒரு களவாணிப்பய என் படி மேல மனு போட்டுருக்கான். நகல் வாங்கியாந்தேன், படிச்சுப் பாரும்." என் மனுவை என் கையிலேயே தந்தார். முதல்முறை படிக்கிறவன் மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு படித்தேன். "எழுத்து நல்லா இருக்குவே. மனசுதான் அழுக்கு" என்றார். "இதுக்குப் பதில் எழுத ஒம்ம விட்டா ஆளு கிடையாது. பைய எழுதும், அவசரமில்ல. நாளைக்குக் காலைல தந்தாப் போதும்."

மறுக்க முடியுமா? மறுத்தால் சந்தேகம் வரும். உட்கார்ந்தேன். ஏனோதானோவென்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் பேனாவைத் திறந்தேன். ஆனால் எதிரே கிடந்தது என் மனு. அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? முதல் பாராவிலேயே அந்தக் குடிமகனை அடித்தேன். இரண்டாம் பாராவில் எழும்பவே விடவில்லை. மூன்றாம் பாராவில் காற்றும் வெளிச்சமும் தடைபடுகிறது என்ற வாதம் பாக்கி நின்றது. அதை உடைக்க ஒரே வழிதான் இருந்தது. எழுதினேன்: "மேற்படி தட்டுக்குக் கீழே மேற்படி இடைவெளி என்ற ஒன்றே தற்போது இல்லை. பக்கத்து வீட்டு வன்னியராஜ் என்பவர் காம்பவுண்டு வரை புதிதாக ஓர் அறை கட்டி அதை முழுவதுமாக அடைத்துவிட்டபடியால், மேற்படி தட்டினால் தடைபடுவதற்குக் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை." எழுதி முடித்துவிட்டு, "இதற்கு என்ன பதில் சொல்லுவான் பார்க்கலாம்!" என்று தொடையில் தட்டிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்லுகிறேன் சம்பந்தி, அந்த வன்னியராஜ் நான்தான் என்பது மறுநாள் கிருபைராஜ் சார் அதை வாங்கிக்கொண்டு தெரு முனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அருமைநாயகம் என்ற கட்டட ஆய்வாளர் டேப்போடு வந்தார். தட்டில் ஒன்றரை அடியை வெட்டிவிட வேண்டும் என்று கிருபைராஜ் சாரிடம் சொல்லிவிட்டு, நேரே என் அறைக்கு வந்து அளந்தார். பக்கத்தில் விட வேண்டிய இடம் ஓர் அங்குலம்கூட விடவில்லை, வரைபடம் இல்லை, அனுமதி இல்லை. "இப்படி ஒரு ரூம் இருக்கதே எங்களுக்குத் தெரியாது சார். ஒங்க பக்கத்து வீட்டுக்காரர் பதில்லதான் பார்த்தோம். மூணாவது பாராவ ஆபீசுல எல்லாரும் வாசிச்சோம். மனுசன் என்னமா எழுதியிருக்காரு!" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒட்டிய நோட்டீஸில் இந்த மாதக் கடைசி வரை கெடு. அதற்குள் நாங்களாகச் சரிசெய்யாவிட்டால் அவர்களாக வந்து இடிப்பார்கள்.

மாநகராட்சியில் பதிந்த ஓர் இன்ஜினியரைப் பிடித்து வழி கேட்டேன். புதுச் சுவரை மூன்றடி உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். பழைய ஸ்டோர் ரூம் சுவரை உடைத்து இதோடு சேர்த்தால் கட்டில் போட இடம் கிடைக்கும். வரைபடத்தோடு ஆன்லைனில் விண்ணப்பித்துவிடலாம் என்றார். நிம்மதியாக வந்து தேன்மொழியிடம் சொன்னால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறாள். "வயித்துப்பிள்ளக்காரி இருக்க வீட்டுல ஒரு ஆணி அடிக்கப்பிடாது, கடப்பாறையா எடுக்கேளோ? வெளங்குமா?" செந்தூர்பாண்டிதான் தலையிட்டான். "மதினி, பிள்ள இன்னும் வள்ளியூர்லதான இருக்கு? அங்கன இருக்கவரைக்கும் இங்கன என்ன வேணும்னாலும் இடிக்கலாம். பிள்ள வாசப்படிய மிதிச்சிட்டா, நீங்களே சொன்னாலும் நான் கரண்டியத் தொடமாட்டேன். எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு." அதாவது, அவள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் நாங்கள் இடிக்க முடியாது; நாங்கள் இடிக்காவிட்டால் அவள் இருக்கும்போதே அவர்கள் வந்து இடிப்பார்கள். முதல் பேரப்பிள்ளையை எந்தச் சத்தத்துக்கு நடுவில் பெறுவது? நினைத்தால் தூக்கம் வரவில்லை. இரண்டே வாரம் பிள்ளையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். அறை வாசலில் கோலம் போட்டுவிட்டு, நானே கார் எடுத்துக்கொண்டு வந்து அழைத்துப்போகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். அக்காவுக்கு என் வணக்கத்தை, இந்தக் கடிதம் வந்ததைச் சொல்லாமல், வேறு ஏதாவது வழியில் சொல்லிவிடவும். சுகன்யா மாத்திரையை மறக்காமல் சாப்பிடட்டும். எல்லாருக்கும் நல்லதே நடக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
வன்னியராஜ்

பின்குறிப்பு (புதன்கிழமை காலை): இதுவரை படித்ததைத் தயவுசெய்து படிக்காததாக வைத்துக்கொள்ளவும். உறையை ஒட்டிக் கூரியர் ஆபீசுக்குக் கிளம்பியபோது கிருபைராஜ் சார் கேட்டில் மறித்தார்.

"என்னவே, சம்பந்திக்கு லெட்டரா? பிள்ளைய இப்ப அனுப்பாண்டாம்னு எழுதியிருப்பீரு. நீரும் தேனும் சண்ட போட்டத அமலோற்பவம் தட்டுல நின்னு முழுசும் கேட்டுட்டா. நேத்தே சுகன்யாட்ட பேசியாச்சு. வளையலப் போட்டுட்டுப் பிள்ள நேரா எங்க வீட்டுக்கு வருது. கீழ ரூமு சும்மாத்தான கெடக்கு, டாய்லெட்டும் உள்ளயே இருக்கு. ஒம்ம வீட்ட நீரு ஆற அமர இடிச்சுக்கிடும். ஒம்ம சம்பந்தியம்மாவும் சரின்னுட்டாவ."

"சார், அந்த மொட்டக் கடுதாசி..." என்று ஆரம்பித்தேன்.

"ஏ, அது அன்னைக்கே தெரியும்வே. நம்ம தெருவுல இத்தன 'மேற்படி' போட்டு எழுதுதவன் வேற எவன் இருக்கான்? அதான் பதிலையும் ஒம்மகிட்டயே கேட்டேன். எங்கன அடிச்சா விழும்னு எழுதுனவனுக்குத்தான தெரியும்!" என்றார். "ஆனா ஒமக்கு நீரே ஆப்பு வச்சிக்கிடுவீருன்னு நான் நெனைக்கலவே. மூணாவது பாராவப் படிச்சிட்டு ஒம்மகிட்ட வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். எழுத்து அவ்வளவு நல்லா இருந்திச்சா, வெட்ட மனசு வரல."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு. இந்தத் தட்ட வெட்டதுக்கு வளைகாப்புக்கு மறுநாள் சனிக்கெழம வெல்டர் வாரதா இருந்தான். வயித்துப்பிள்ளக்காரி இருக்க வீட்டுல கட்டிங் மிஷின் ஓடப்பிடாதுன்னு அமலோற்பவம் ஒரே பிடியா நிக்கா. பிரசவம் முடிஞ்சு, பிள்ள ஒங்க வீட்டுக்கு வந்த பொறவுதான் வெட்டணும். அதுவரைக்கும் டைம் கேட்டு ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதித் தாரும். அதுல, தட்டு அப்படியே நிக்கதுல பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆட்சேபணை இல்லன்னு நீரும் ஒரு கையெழுத்துப் போட்டுரும்."

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. மிகவும் நன்றாக வந்திருக்கிறது. கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, நான்கு பேருக்கு வாசித்துக் காட்டவும்.