நூலகர் வாங்கிய பளபளக் குழாய்

இனித் தன் கார் உறுமித்தான் ஆக வேண்டும் என்று நூலகர் முடிவெடுத்துவிட்டார். எடுத்த முடிவை ஆறப் போடவும் இல்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், வாய் நிறைய நுரையோடு சமையலறை வாசலுக்கே வந்து அறிவித்தார். பாதி புரிந்தது, மீதி தரையில் விழுந்தது.

"கொப்பளிச்சிட்டு வந்து சொல்லுங்க," என்றாள் மனைவி.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நாள் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு, இருமுகிறவர்களைக்கூட முறைத்தே அடக்கி வைக்கிற மனிதர். வருஷக்கணக்காக அடக்கிய சத்தமெல்லாம் அவருக்குள்ளேயே தங்கிப்போய், இப்போது கார் வழியாக வெளியே வரப் பார்த்தது.

அதற்குச் சாக்கும் கிடைத்தது. கொஞ்ச நாளாகவே காலையில் வண்டியைக் கிளப்பினால், மனைவியின் தையல் மெஷின் மாதிரி டக் டக்கென்று தட்டும். ஓடி ஓடிச் சூடு ஏறியதும் தட்டல் நின்றுவிடும். ஆனால் வண்டிக்குள் புகை வாடை வரும். மெக்கானிக் பார்த்துவிட்டு விளக்கினார். எஞ்சின் விடுகிற புகையையெல்லாம் வாங்கிப் பின்பக்கம் அனுப்புகிற இரும்புக் கைக்கு மேனிஃபோல்டு என்று பேர். அதில்தான் விரிசல். ஆறிக் கிடக்கும்போது விரிசல் வாயைத் திறக்கும். சூடானால் மூடிக்கொள்ளும்.

"இவருக்கு நேர் எதிர்," என்றாள் மனைவி.

மெக்கானிக் நல்ல மனிதர். யார் எதிரே நிற்கிறார்களோ, அவர்கள் கட்சி.

"பழசைத் தூக்கிப் போட்டுட்டு ஹெடர் மாட்டினா என்ன?" என்று கேட்டார் நூலகர்.

"தாராளமா மாட்டலாம் சார். தனித்தனிக் குழாயா பளபளன்னு வரும். இழுவை கூடும். சத்தம் கும்முனு இருக்கும்."

"விரிசலை ஒட்டினா நிக்காதா?" என்று மனைவி கேட்டாள்.

"ஏன்மா நிக்காது? கழட்டி, நல்லா சூடு காட்டி ஒட்டி, அவசரப்படாம ஆற விட்டா, பேசாம உழைக்கும்."

"சரி, எது நல்லது?" என்று இருவரும் சேர்ந்தே கேட்டார்கள்.

"ரெண்டுமே நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் வேறொரு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார்.

மனைவிக்கு இது விளையாட்டில்லை. மகளுக்குக் குறை மாதத்தில் பிள்ளை பிறந்து, எடை ஏறட்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். பஞ்சு மாதிரி குழந்தை. கதவு சாத்துகிற ஒலிக்கே தூக்கிவாரிப் போடும். அடுத்த வாரம் தாயும் பிள்ளையும் இந்தக் காரில்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

"பிள்ளைக்குப் புகையும் ஆகாது, சத்தமும் ஆகாது," என்றாள்.

"ஹெடர் போட்டா புகை வராது."

"சத்தம்?"

"அது சத்தம் இல்ல. நாதம்."

"பிள்ளை வீல்னு கத்துமே, அதுக்கு என்ன பேரு?"

"கார் என்னோடது."

"பேரன் எனக்கும்தான். இங்க பாருங்க, சட்டையில முழங்கை கிழிஞ்சா தச்சுப் போட்டுக்குவாங்க. கிழிசலைச் சாக்கு வச்சு யாரும் சரிகைக் கோட்டு தைக்கச் சொல்றதில்ல."

நூலகர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்று அவள் நிம்மதியாக இருந்துவிட்டாள். மறுநாள் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போதுதான் துடைப்பம் எதிலோ மோதி ணங்கென்றது. இழுத்துப் பார்த்தாள். ஒட்டுக்கூடப் பிரிக்காத பெரிய அட்டைப் பெட்டி. மேலே பளபளக்கும் குழாய்களின் படம்.

"இது என்னங்க?"

"நூலகத்துக்கு அலமாரிக் கம்பி."

"அலமாரிக்கு ஹெடரா?"

அவர் சட்டென்று குடும்பத் தலைவராக மாறிவிட்டார். "ஆமா, வாங்கிட்டேன். வாங்கினது வாங்கினதுதான். வியாழக்கிழமை மெக்கானிக்குக்கு ஒழியுமாம். எனக்கு அன்னைக்கு நூலகத்துல புத்தகம் சரிபார்க்கற வேலை. நீயே வண்டியையும் பெட்டியையும் எடுத்துட்டுப் போயிடு."

கார் ஓட்டுவதில் அவள் கெட்டிக்காரி. பக்கத்தில் அவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காத நாளில் இன்னும் கெட்டிக்காரி.

வியாழக்கிழமை காலை சாமி படத்துக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரமே நின்றாள். "ஆண்டவரே, நான் பொய் சொல்ல மாட்டேன். அது உமக்கே தெரியும். அவர் கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன். அதனால அவர் கேக்காம பாத்துக்கும். பிள்ளை நல்லபடியா வீடு வந்து சேரணும்."

பிறகு நேரே பெட்டி வாங்கிய கடைக்குப் போனாள். ஒட்டுப் பிரிக்காத பெட்டியாக இருந்ததால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக, காரில் பச்சைப் பிள்ளையைப் படுக்க வைத்துப் பட்டை போட்டுக் கட்டுகிற மெத்தை இருக்கையை வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து மெக்கானிக்கிடம் போனாள்.

"ஒட்டிடுங்க."

"அதுதாம்மா சரி," என்றார் மெக்கானிக். எதிரே அவள் மட்டும்தானே நின்றாள்.

சாயங்காலம் நூலகர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. டக் டக் போயிடுச்சு. வாடையும் போயிடுச்சு," என்றாள். அடுத்த கேள்வி வந்தால் தொலைந்தோம்.

கேள்வி வரவில்லை. அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியே போய்விட்டார். ஊரைச் சுற்றிவிட்டு வந்தவர் முகத்தில் ராஜகளை.

"யாரோ பின்னாடி நின்னு தள்ளுற மாதிரி இருக்கு. மேட்டுல கியரே மாத்தலை, தெரியுமா? சும்மா வெண்ணெய்."

ஓட்டை அடைபட்டால் எஞ்சினுக்குப் பழைய மூச்சு திரும்பி வரும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அதை நடுவில் நுழைத்துச் சொல்ல அவளுக்கு இடமே கிடைக்கவில்லை.

"சத்தத்தைக் கவனிச்சியா?" என்றார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே."

"அதுதான் விஷயம். மட்டமான ஹெடர்தான் கத்தும். உசத்தி ஹெடர் அடக்கமா இருக்கும். நல்ல வித்வான் மாதிரி."

அவர் ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை ஓயவில்லை. கேட்க வேண்டிய வாயை இவ்வளவு நேரம் பேச வைத்த கடவுளுக்கு மனைவி கண்ணை மூடி நன்றி சொன்னாள். அவர் அதையும் தன் ஹெடருக்கான மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

மறுநாளும் அதே கச்சேரி. நூலகத்தில் உரத்த குரலில் ஹெடர் புராணம் படித்தாராம். பரீட்சைக்குப் படிக்க வந்த பெண் ஒருத்தி எழுந்து வந்து, கொஞ்சம் மெதுவாகப் பேசும்படி கேட்டுக்கொண்டாளாம். அதையும் அவரே வந்து பெருமையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மாட்டினார். வாசலில் நிறுத்தி வைத்து, நூலகர் ஆதியிலிருந்து ஆரம்பித்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் எதையும் திறந்து பார்க்காமல் நம்பிப் பழக்கமில்லாதவர்.

"எங்க, திறங்க பாக்கலாம்."

நூலகர் உள்ளே குனிந்து ஒரு பிடியை இழுத்தார். பெட்ரோல் மூடி திறந்தது. இன்னொன்றை இழுத்தார். டிக்கி திறந்தது. ஹெடரைப் பற்றிப் போனில் பார்க்காத வீடியோ இல்லை. பானெட்டை எப்படித் திறப்பது என்று மட்டும் எந்த வீடியோவும் அவருக்குச் சொல்லவில்லை. கடைசியில் மனைவிதான் வந்து திறந்துவிட்டாள். விட்டுவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள்.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார். துருப்பிடித்த பழைய இரும்புக் கை. அதன் குறுக்கே புதுசாக ஒட்டிய தழும்பு.

"சார், இதுல குழாயும் இல்ல ஒண்ணும் இல்ல. பழசையே அடைச்சிருக்காங்க," என்றார். கொஞ்சம் கிட்டே குனிந்தார். "நல்ல அடைப்பு. பிடுங்கிடுவாங்கன்னு பயந்த பல்லைக் காப்பாத்தின மாதிரி."

நூலகர் முகம் வெளுத்தது. சிவந்தது. மனைவியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார்.

"நான்தான் இப்படிச் செய்யச் சொன்னேன்," என்றார். "பழைய இரும்புக்கு ஈடு உண்டா? ஹெடரெல்லாம் விடலைப் பசங்க சமாச்சாரம்."

"இப்போ இவ்வளவு நேரம் ஹெடர்னுதானே..."

"உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன் டாக்டர்."

டாக்டர் மெச்சிவிட்டுப் போனார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் நூலகர் திரும்பினார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டாச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நான் கேக்கலையா?"

"பேசினீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்கக் குரல் இறங்கியது. "என் குழாய் எங்க?"

"பின் சீட்டுல இருக்கு. மெத்தையா மாறிடுச்சு. உங்க பேரன் வரப்போறான்ல?"

"நாளைக்கே போய் வேற ஹெடர் வாங்கி மாட்டறேன் பாரு."

"மாட்டுங்க. டாக்டர் கேட்டா விடலைப் பையனாயிட்டேன்னு சொல்லிடலாம்."

நூலகர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மாதிரியிலேயே ஹெடர் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. சூடாக ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். வென்றவள் கொடுக்கிற காபிக்குத் தனி மணம். அவரும் மறுக்கவில்லை.

குறித்த நாளில் தாயும் பிள்ளையும் வந்தார்கள். வழி நெடுக டக்கும் இல்லை, வாடையும் இல்லை. குழந்தை மெத்தையில் வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்கையில் போட்டதுதான் தாமதம், கூரை பறக்கிற மாதிரி அலறியது. தோளில் போட்டார்கள், தாலாட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி காரில் வைத்து எஞ்சினைக் கிளப்பி மெல்ல நகர்த்தினார்கள். கப்சிப்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நூலகருக்கு அதுதான் வேலை. பின் சீட்டில் பேரனும் பாட்டியும். அவர் ஸ்டியரிங்கைக் கோழிமுட்டை மாதிரி பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"கண்ணு மூடிட்டானா? வீட்டுக்குப் போகலாமா?" என்று கிசுகிசுப்பார்.

"இன்னொரு சுத்து. இன்னும் மெதுவா," என்பாள் மனைவி.

நேற்று, கைத்தடி ஊன்றி நடக்கிற ஒரு தாத்தா பின்னாலிருந்து வந்தார்; நூலகர் காரை ஓரம் கட்டி அவர் முந்திப்போக வழிவிட்டார்.