இருபத்தாறு நாள் வராதவள்

அநீதி இழைக்கப்பட்டது என் அறைத்தோழிக்கு. விடுதியில் அவளுக்கு 'அலாரம்' என்று பேர். வகுப்பறைக் கதவைத் தினமும் திறப்பதே அவள்தான். தொண்ணூறு வேலை நாட்களில், காய்ச்சலில் கிடந்த ஒன்பது நாள் மட்டுமே வராத அவளை, இருபத்தாறு நாள் வராதவள் என்று பல்கலைக்கழகம் அறிவித்து, திங்கட்கிழமைத் தேர்வுக்கான நுழைவுச்சீட்டை நிறுத்திவைத்தது.

அழுது வீங்கிய முகத்தோடு இருந்தவளை இழுத்துக்கொண்டு வருகைப் பதிவுப் பிரிவுக்குப் போனேன்.

எழுத்தர் கணினியில் அட்டவணையைத் திறந்தார். ஆளுக்கொரு வரிசை, நாளுக்கொரு கட்டம். வராத நாளில் 'இல்லை' என்று எழுதுவார்கள்; வந்த நாளில் கட்டத்தைச் சும்மா விடுவார்கள். எழுதப்பட்ட கட்டங்கள் எத்தனை என்று வரிசைக் கடைசியில் ஒரு ஃபார்முலா எண்ணிச் சொல்லும்.

"சார், நீங்களே எண்ணிப் பாருங்க. எத்தனை 'இல்லை' இருக்கு?"

திரையில் விரல் வைத்து இரண்டு முறை எண்ணினார். "ஒன்பது."

"அப்போ இருபத்தாறு?"

"அது கம்ப்யூட்டர் எண்ணினதும்மா. நான் வெறும் எழுத்தர்தானே?"

ஒரு காலிக் கட்டத்தைச் சொடுக்கினேன். கர்சர் ஓரத்தில் நிற்காமல் ஓரெழுத்து தள்ளி நின்றது.

"இதுல முன்னாடி ஏதாவது எழுதியிருந்தீங்களா?"

"கை தவறி 'இல்லை'ன்னு போட்டுட்டேன். அப்புறம் அழிச்சிட்டேனே!"

"எதால அழிச்சீங்க?"

விசைப்பலகையின் அடிவரிசையில் இருந்த நீளமான பட்டனைப் பெருமையோடு தட்டிக் காட்டினார். ஸ்பேஸ் பார். பதினேழு முறை கை தவறி, பதினேழு முறையும் இப்படியே துடைத்திருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு அது காலி; ஃபார்முலாவுக்கு அங்கே என்னவோ எழுதியிருக்கிறது.

டெலீட்டை அழுத்தினேன். இருபத்தாறு, இருபத்தைந்தானது.

"ஐயையோ, ஒரு நாளைக் காணோம்!" என்று எழுத்தர் எழுந்தே விட்டார். சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் ஓடிவந்தார்.

"பதிவேட்டுல கைவைக்க யாரும்மா உனக்கு அதிகாரம் குடுத்தது?"

"அதுல ஒண்ணுமே இல்லையே சார்!"

"ஒண்ணுமில்லாததை அழிக்கத்தான் மேலிடத்து அனுமதி வேணும். ஏதாவது இருந்திருந்தா நானே அழிச்சிருப்பேன்."

எழுத்தர் அந்த ஒன்றுமில்லாததைப் பயபக்தியோடு மறுபடி தட்டி வைத்தார். இருபத்தாறு திரும்பியது. இருவர் முகத்திலும் நிம்மதி.

மேலிடம் என்பது துணைப் பதிவாளர் அம்மையார். ரொம்ப நல்லவர். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வந்த பொண்ணை வந்தான்னு எழுதறதுல என்ன கஷ்டம்? காலியா இருக்கற எல்லாக் கட்டத்துலயும் 'வந்தார்'னு போடுங்க" என்றார்.

எழுத்தர் போட ஆரம்பித்தார். இருபத்தேழு. இருபத்தெட்டு. முப்பது.

"மேடம், நிறுத்தச் சொல்லுங்க! எதை எழுதினாலும் அந்த ஃபார்முலா வராததாத்தான் எண்ணும்!"

"பதறாதேம்மா. உண்மையைத்தானே எழுதறார்?"

உண்மை முழுவதும் எழுதி முடிந்தபோது வராத நாட்கள் தொண்ணூறு ஆகியிருந்தன.

அலாரம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடியே, நான் இங்க சேர்ந்தேனா இல்லையாடீ?"

விடுவேனா? மூன்று பக்கத்துக்கு மனு எழுதினேன். அறுபது பேர் படிக்கும் வகுப்பில் ஒருத்திக்கு மட்டும் இப்படி ஒரு கணக்கா, இது அப்பட்டமான பாரபட்சம் இல்லையா என்று கேட்டேன். வகுப்பில் கையெழுத்துக் கேட்டபோது, "எங்க வரிசை சரியாத்தான் இருக்கு, வம்பு எதுக்கு?" என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை பதில் வந்தது:

"தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. ஒரு மாணவிக்கு மட்டும் பாரபட்சம் காட்டப்பட்டது என்னும் தங்கள் வாதம் முழுமையாக ஏற்கப்படுகிறது. எனவே, தாங்கள் உள்ளிட்ட அறுபது பேரின் வரிசைகளிலும் 'வந்தார்' என்று நிரப்பப்பட்டுள்ளது. தேர்வெழுதத் தகுதியுடையோர் எவரும் இல்லாமையால், திங்கட்கிழமைத் தேர்வு எவ்வித முறைகேடுமின்றி இனிதே நடந்து முடிந்ததாக இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது."