இணைப்பாளர் தயாளினியின் அந்தியேட்டி

அரச உத்தியோகத்தர்களுக்கு உடம்பு என்று ஒன்று இருக்கிறது, அதற்குள்ளே மனம் என்று இன்னொன்றும் இருக்கிறது என்பதை மேலிடம் நெடுங்காலம் ஆராய்ந்து கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு அதை ஒரு சுற்றறிக்கையாக்கி வடக்குக்கும் அனுப்பிவைத்தது. ஒவ்வோர் உத்தியோகத்தரும் நாளாந்தம் அரைமணி நேரத்தைத் தமது உள, உடல் சுயபராமரிப்புக்காக ஒதுக்குதல் வேண்டும். ஒதுக்கியமைக்கான ஆதாரம் புகைப்படத்துடன் சமர்ப்பிக்கப்படல் வேண்டும்.

சுற்றறிக்கை வந்து சேர்ந்த பிரதேச செயலகம் எது என்று கேட்க வேண்டாம். நீங்கள் கடைசியாக ஒரு கையெழுத்துக்காக அலைந்த இடத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

அங்கே செயலாளர் இராசநாயகம் சுற்றறிக்கையை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு, அபிவிருத்தி உத்தியோகத்தர் தயாளினியைக் கூப்பிட்டார்.

"தயாளினி, நீங்கள் மத்தியானத்திலை பின்பக்கத்து வேம்புக்குக் கீழை போய் இருக்கிறனீங்களாம்."

"ஓம் சேர். சாப்பிட்டிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம். ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. தலையிடிக்கு நல்லாயிருக்கு."

"ஆரின்ரை அனுமதியோடை?"

"சும்மா இருக்கிறதுக்கு அனுமதி வேணுமோ சேர்?"

"இதுவரைக்கும் தேவைப்படேல்லை. இனிச் சும்மா இருக்கிறது அரசாங்க வேலை. ஒவ்வொருத்தரும் தன்ரை பாட்டுக்குச் செய்ய ஏலாது. உங்களை இணைப்பாளராய்ப் போடுறன். உங்களுக்குத்தான் முன்னனுபவம் இருக்கு."

அன்றோடு வேப்பமரத்தடி முடிந்தது. மரத்தடியில் தனியாக இருப்பது சுற்றறிக்கைக்கு முரணானது என்று சைக்கிள் கொட்டகையில் ஓர் அறிவித்தலும் ஒட்டப்பட்டது. அதை ஒட்டியவளும் தயாளினிதான்.

எங்கள் ஊரில் விளக்கேற்றாமல் எதுவும் தொடங்காது. ஆகவே சுயபராமரிப்பும் மண்டபத்தில் மங்கல விளக்கேற்றலுடன் தொடங்கியது. அதன்பின் இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை. தலைமையுரையில் இராசநாயகம் அமைதியின் அவசியத்தை ஒலிவாங்கியில் விளக்குவார். ஒரு சிறப்புரையும் உண்டு. நன்றியுரை சொல்லாமல் விட்டால் யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்பதால் அதுவும் உண்டு. இவ்வளவும் முடிந்து மிஞ்சிய நேரத்தில் எல்லோரும் மௌனமாக இருக்க வேண்டும். மிஞ்சுவது என்னவோ கற்பூரம் எரிந்து முடியும் நேரந்தான். கூட்டமாக மௌனம் காக்க எங்கள் சனத்துக்கு ஒரேயொரு முறைதான் தெரியும்: எழுந்து நின்று, கையைக் கட்டி, தலையைக் குனிந்துகொள்வது. அப்படியே செய்தார்கள்.

அந்த மௌனத்திலும் தயாளினிக்குப் பங்கில்லை. ஆதாரத்துக்குப் படம் எடுப்பவள் எப்படிக் கண்ணை மூடுவாள்? எண்ணெய், திரி, பூ, நாளுக்கொரு பேச்சாளர், அறிக்கை எல்லாம் அவள் பொறுப்பு. விடியமுன்னமே இணுவிலிலிருந்து ஸ்கூட்டியில் புறப்படுவாள். இருட்டிய பிறகு நல்லூரில் ரியூசனுக்குப் போன மகள் நிவேதனாவை ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவாள். பிறகு அடுப்படி, அதன்பிறகு அறிக்கை. முன்னே தலையிடி மத்தியானத்தில் மட்டும் வந்து போகும். இப்போது அதுவும் நிரந்தர நியமனம் பெற்றுவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அவளால் முடியவில்லை. கீரிமலைக்குப் போய்க் கேணித் தண்ணீரில் கழுத்தளவு இறங்கி நிற்க வேண்டும், ஒருவரும் "தயாளினி" என்று கூப்பிடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். காரணம் என்ற இடத்தில் "ஓய்வு" என்று எழுதி அரைநாள் லீவு கேட்டாள்.

"இதென்ன காரணம்? ஆருக்குச் சுகமில்லை?" என்றார் இராசநாயகம்.

"எனக்குத்தான் சேர்."

"நீங்கள் சுயபராமரிப்பு இணைப்பாளர். உங்களுக்குச் சுகமில்லாமல் போக ஏலாது. வெளியிலை தெரிஞ்சால் திட்டம் தோல்வி எண்டெல்லோ சொல்லுவினம்."

கடிதம் திரும்பி வந்தது. பக்கத்து மேசைக் கமலாவதி அக்கா, லீவு விதிகளிலேயே தலை நரைத்தவர், மெல்லக் குனிந்து சொன்னார்: "விசர்ப் பிள்ளை, உயிரோடை இருக்கிறவைக்கு ஆர் லீவு தருவினம்? அந்தியேட்டி எண்டு எழுதும். கீரிமலைக்குத்தானே போறீர்?"

செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் கீரிமலையில் செய்யும் அந்தியேட்டிக்கு லீவு மறுத்த அதிகாரி யாழ்ப்பாணத்தில் இன்னும் பிறக்கவில்லை. "நெருங்கிய உறவினரின் அந்தியேட்டி, கீரிமலை" என்று எழுதிக் கொடுத்தாள். இராசநாயகம் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு உடனே கையெழுத்துப் போட்டார்.

கீரிமலைப் பெண்கள் கேணியில் அன்று கூட்டமில்லை. மதிலுக்கு அப்பால் கடல் அடித்துக்கொண்டிருந்தது. தயாளினி போனை நிறுத்திப் பைக்குள் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். முதலில் அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை, அழுது முடித்தாள். பிறகு தலையிடி கரையேறிப் போய்விட்டது. நெடுநாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. வெளியே வந்து ஒரு கடதாசிச் சரையில் கச்சான் கடலை வாங்கித் தனியாக இருந்து தின்றாள்.

மாலை ஈரத்தலையோடு இணுவில் சந்திக்கு வந்தவள் பிரேக்கை அழுத்தினாள். மின்கம்பத்தில் கட்டிய பதாகையில் அவளே பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே "31ஆம் நாள் நினைவஞ்சலி". கீழே: "ஓய்வறியாது உழைத்த உத்தமியே, இனியாவது ஓய்வெடுப்பாய்!"

ஏணியில் நின்று கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார் சனசமூக நிலையத் தலைவர் பரமலிங்கம். அவளைக் கண்டதும் ஏணி ஆடியது.

"பிள்ளை... நீர் சாகேல்லையோ?"

"ஆர் அண்ணை சொன்னது நான் செத்தது எண்டு?"

பரமலிங்கம் இறங்கி வந்து நியாயம் சொன்னார். மத்தியானம் ஒரு கையெழுத்துக்காகச் செயலகத்துக்குப் போயிருக்கிறார். மண்டபத்தில் தயாளினியின் படம், படத்துக்குப் பூமாலை, முன்னால் குத்துவிளக்கு. எல்லோரும் எழும்பி நின்று தலையைக் குனிந்தபடி இருக்கிறார்கள்.

தயாளினிக்கு விளங்கிவிட்டது. இந்த மாதத்தின் சிறந்த சுயபராமரிப்பாளர் கௌரவிப்பு அன்றுதான். யார் என்பதை இரகசியமாக வைத்திருந்தார்கள். கௌரவிக்கப்பட வேண்டியவள் லீவில் போய்விட்டாள், மாலையோ வாடிக்கொண்டிருக்கிறது. கோப்பிலிருந்த படத்தைப் பெருப்பித்து அதற்குப் போட்டிருக்கிறார்கள்.

"ஆரையும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அண்ணை?"

"கேட்டனான். வாசல் காவலாளியிட்டைத் தயாளினி எண்டன். அந்தியேட்டி, கீரிமலை எண்டான். எனக்கு நெஞ்சு திடுக்கிட்டுப் போச்சு. எங்கடை ஊர்ப் பிள்ளை செத்து ஒரு மாதம், எங்கடை நிலையம் ஒரு பனர் கட்டேல்லை! செத்தவீட்டுக்கும் போகாமல் என்ன முகத்தோடை உங்கடை வீட்டுப் படலையைத் திறக்கிறது? விளையாட்டுக் கழகக்காரர் முந்தப்போறாங்கள் எண்டு, மண்டபத்திலை இருந்த படத்தைப் போனிலை பிடிச்சுக்கொண்டு நேரை அச்சகத்துக்குப் போனன்."

"ஒரு மாதமாய் நான் இல்லை எண்டதை எப்பிடி நம்பினீங்கள்?"

"ஏன் நம்பாமல்? சந்தியிலை நிண்டவையை எல்லாம் கேட்டன். உம்மைக் கடைசியாய்க் கண்டது எப்ப எண்டு ஒருத்தருக்கும் ஞாபகமில்லை." அவர் கோபமாகவே சொன்னார். "உயிரோடை இருக்கிறனீர் இடைக்கிடை வெளியிலை தலை காட்டியிருக்க வேணும். பிழையை எங்கடை தலையிலை போடாதையும்."

வீட்டில் கணவன் சுபாஸ்கரன், பதாகையின் படத்தைப் போனில் கண்டு கனடாவிலிருந்து வந்த துக்க விசாரிப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பனரைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"பாத்தன்."

"பாத்திட்டு?"

"கடைசியாய் உம்மோடை இருந்து கதைச்சது எப்ப எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாத்தன்," என்றான் அவன். பகிடி விடவில்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை. தயாளினிக்குப் பதாகையைக் கண்டபோது வராத பயம் அப்போது வந்தது.

அவள் போனைத் திறந்ததும் இராசநாயகத்தின் அழைப்பு வந்தது. பதாகையின் படம் அதற்குள் அலுவலக வட்ஸ்அப்புக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"நீங்கள் உயிரோடை இருக்கிறது சந்தோஷம். ஆனால் லீவிலை ஒரு சிக்கல். நெருங்கிய உறவினரின்ரை அந்தியேட்டி எண்டு எழுதியிருக்கிறீங்கள். செத்தது ஆர்?"

 கேணித் தண்ணீர் இன்னும் தயாளினியின் தலைமயிரிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னைவிட நெருங்கின ஆள் எனக்கு ஆர் சேர் இருக்கினம்?"

மறுமுனையில் கடிதம் புரளும் சத்தம் கேட்டது. இராசநாயகம் விதிகளை மதிப்பவர்.

"ஓம், எழுத்திலை பிழையில்லை. பனரும் ஆதாரமாய் இருக்கு. லீவு சரி," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இண்டைக்குத்தான் மௌனம் உண்மையான மௌனமாய் இருந்தது, தெரியுமோ? உங்கடை படத்தைப் பாத்து ரெண்டு பேர் அழுதும் போட்டினம். மேலிடம் நாங்கள் அனுப்பின ஆதாரப் படத்தைப் பாத்திட்டுப் பாராட்டியிருக்கு. இனி நாளுக்கொரு உத்தியோகத்தரின்ரை படம் வைப்பம். படம் இருந்தால் ஆள் இருந்த கணக்கு. ஆள் வீட்டிலை நிக்கலாம்."

திங்கட்கிழமை தயாளினி மண்டபத்தைத் திறக்க முன்னமே கமலாவதி அக்கா வாசலில் நின்றார். கையில் கடதாசியில் சுற்றிய, சட்டம் போட்ட அவருடைய பெரிய படம்.

"முதலாம் நாள் எனக்குத் தாரும் பிள்ளை. மாலையும் நானே கொண்டந்திட்டன்."

அவருக்குப் பின்னால் வரிசை கட்டியாயிற்று. பொய்ச்சாவுக்கு இவ்வளவு போட்டி வருமென்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. நாளுக்கொரு படம் என்பது நாளுக்கு நான்காகி, பிறகு மேசை நிறைந்தது. இராசநாயகத்தின் படம் எல்லாவற்றிலும் பெரிது. அது வந்த நாளிலிருந்து இறக்கப்படவே இல்லை. கையெழுத்துக்கு வந்த சனம் வாசலில் நின்று மாலைகளையும் விளக்கையும் பார்க்கும், செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இந்த நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாதென்று திரும்பிப் போகும். பொதுமக்கள் முறைப்பாடு அற்ற செயலகம் என்ற விருதும் அவ்வருடம் அதற்கே கிடைத்தது.

தயாளினியின் படம் மட்டும் பிறகு அந்த மேசைக்கு ஏறவில்லை. இணைப்பாளரும் செத்துவிட்டால் விளக்கை யார் ஏற்றுவது?

பதாகையைக் கழற்றட்டோ என்று பரமலிங்கம் ஒருநாள் கேட்டார். வேண்டாம் அண்ணை, இருக்கட்டும் என்றுவிட்டாள். அவளை ஓய்வெடுக்கச் சொல்லி எழுத்தில் கிடைத்த ஒரேயொரு அனுமதி அதுதான். விடியமுன் ஸ்கூட்டியில் போகும்போது சந்தியில் ஒருகணம் வேகத்தைக் குறைத்து, மேலே சிரித்துக்கொண்டிருப்பவளை அண்ணாந்து பார்ப்பாள். பிறகு ஞாபகம் வரும், எண்ணெய் வாங்க வேண்டும்.