ரிமோட் சாரும் வலது வெண்ட்ரிக்கிளும்

உலகத்திலேயே ரிமோட்டில் இயங்கிய ஒரே விலங்கியல் ஆசிரியர் மண்டைக்காட்டுப் பக்கம் எங்கள் பள்ளியில்தான் இருந்தார். இயற்பெயர் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. ரிமோட் சார்.

நான் அங்கே கணினி ஆசிரியை. ஸ்மார்ட் போர்டு வந்த புதிது. ஆசிரியர்களுக்கு அதைப் பழக்குவது என் வேலை. சாருக்கு மட்டும் பழகவில்லை. தொட்டால் அணைந்தது, எழுதினால் அழிந்தது, திட்டினால் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. கல்ஃபிலிருந்து அப்பா அனுப்பிய போனில் வளர்ந்த பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

தாளாளர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அடுத்த வாரம் வந்து பாப்பேன். பிள்ளைங்க பாடத்த கவனிக்கலேன்னா நீரு திருவட்டாறு கிளைக்குப் போயிரும். அங்க எல்.கே.ஜி. மட்டுந்தான்."

மறுநாள் சார் வீட்டிலிருந்து செத்துப்போன டி.வி. ரிமோட் ஒன்றைக் கொண்டுவந்து வகுப்புத் தலைவி பெனிட்டாவிடம் நீட்டினார். "மக்கா, உங்களுக்கு வீடியோதான பிடிக்கும்? இனி நாந்தான் வீடியோ. அமுக்குங்க."

அமுக்கினார்கள். பாஸ் என்றால் உறைந்துவிடுவார். ரீவைண்ட் என்றால் பின்பக்கமாகவே நடந்துபோய் மறுபடி ஆரம்பிப்பார். நடுவில் விளம்பரமும் உண்டு, சொந்தத் தோப்புத் தேங்காயெண்ணெய்க்கு.

தாளாளர் வந்த அன்று இதயம். தரையில் சாக்பீஸால் நான்கு அறைகள், வாசற்பக்கம் நுரையீரல். சார்தான் ரத்தம். வலது ஆரிக்கிளிலிருந்து வெண்ட்ரிக்கிளுக்குக் காலைத் தூக்கிய நொடியில் பெனிட்டா பாஸ் அமுக்கிவிட்டு, ரிமோட்டும் கையுமாகத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். வாசலில் தாளாளர், பின்னால் நான்.

"என்ன ஓய், ஒத்தக்கால்ல நிக்கீரு?"

சார் அசையவில்லை. வியர்வை மட்டும் ஓடியது.

"பாஸ்ல இருக்காரு சார். ரிமோட்டு தண்ணி குடிக்கப் போயிருக்கு" என்றது முதல் பெஞ்ச்.

"சார், செத்த தள்ளி நில்லுங்க" என்றது கடைசி பெஞ்ச். "நீங்க நிக்கது நுரையீரல். ரத்தம் அங்கதான் வரணும்."

தாளாளர் தள்ளி நின்றார். "பொறவு எங்கடே போவும்?"

கேட்டதுதான் தாமதம், மொத்த வகுப்பும் கத்தியது: இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, உடம்பு! ரத்தம் ஒற்றைக்காலில் நிற்க, ரத்த ஓட்டம் முடிந்துவிட்டது.

பெனிட்டா ஓடிவந்து அமுக்கினாள். சார் காலை ஊன்றி, "...வெண்ட்ரிக்கிளுக்குள் நுழைகிறது" என்று வாக்கியத்தை முடித்தார். தாளாளர் அப்புறம் திருவட்டாறு பேச்சையே எடுக்கவில்லை.

சில வருடம் கழித்து சார் ஓய்வு பெற்றார். விழாவில், "அப்போ நான் போயிட்டு..." என்று அவர் கைகூப்பியபோது, கல்லூரியிலிருந்து வந்திருந்த பெனிட்டா பையிலிருந்து அதே ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். சார் அப்படியே உறைந்தார்.

பிளே அமுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ரிமோட் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எந்தப் பட்டன் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டேன்.