உறை பிரிக்காத ரவுட்டர்

நெருப்பு, சக்கரம், பிளாஸ்டிக் உறை ஆகிய மூன்றும்தான் மனித குலத்தை இன்றைய உயரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன. முதல் இரண்டையும் உலகுக்குத் தந்தவர்கள் யாரென்று தெரியாது. மூன்றாவதன் முழு மகிமையையும் உலகுக்கு உணர்த்தியவர் யாரென்று தெரியும். அவர் மும்பையை அடுத்த ஐரோலியில் உள்ள நித்யரக்ஷா டேட்டா சர்வீசஸின் முதுநிலை மேலாளர், மாட்டுங்காவாசி, திரு. மகாதேவன். அவருக்குக் கீழே நான்கு வருடமாக ஒப்பந்த ஊழியனாக இருக்கும் மாரிசெல்வத்துக்கு அந்த மகிமையைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் வாய்த்தது.

வைஃபை சரிபண்ணுவதற்காக மாரி ஒருமுறை மகாதேவனின் வீட்டுக்குப் போயிருக்கிறான். சோபாவில் கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. சார் அதில் உட்கார்ந்தபோது அது கீச்சென்றது. டிவி ரிமோட் பன்னிரண்டு வருடமாக அதே கவருக்குள் இருந்தது. எந்தப் பட்டன் எது என்று கவர் மேலே பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள். சாரின் மனைவி ஷ்யாமளா மாமி தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சோபா விருந்தாளிகளுக்காம். விருந்தாளிகள் வந்தால் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்களாம். இப்பேர்ப்பட்ட தொலைநோக்குள்ள மனிதரின் கையில்தான் இரண்டு ரவுட்டர்கள் ஒப்படைக்கப்பட்டிருந்தன.

ரவுட்டரின் வேலை இதுதான். மும்பையின் பல குடிசைப் பகுதிகளில் எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பை நித்யரக்ஷா பாதுகாக்கிறது. பெயர், போட்டோ, கைரேகை எல்லாம் ஐந்தாம் மாடியில் பெரிய ஸ்டோரேஜ் பெட்டியில் கிடக்கும். வீட்டு எண்கள் மட்டும் பட்டியல் அடிக்கிற இரண்டாம் மாடிக் கம்ப்யூட்டரில். நடுவே இரண்டு பாதைகள், பாதைக்கொரு ரவுட்டர். ஒன்று படுத்துவிட்டால் மற்றது சுமக்கவேண்டும். இரண்டையும் கன்ஃபிகர் செய்து, ஸ்கிரீனில் கண்காணிப்பது மாரியின் பொறுப்பு.

பெட்டி வந்திறங்கிய அன்றே இரண்டையும் ஓடவிடலாம் என்று மாரி கேபிளைத் தூக்கிக்கொண்டு வந்தான். மகாதேவன் கையை நீட்டித் தடுத்தார்.

"ரெண்டையுமா ஓட்டப் போற?"

"ஆமா சார். ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு பாத்துக்கிடும்லா."

"ரெண்டையும் ஓட்டினா ரெண்டும் ஒண்ணாத் தேஞ்சு போகும், கேட்டியா? அப்பறம் அவசரத்துக்கு எதை எடுக்கறது? ஒண்ணு ஓடட்டும். இன்னொண்ணு புத்தம் புதுசா இருக்கட்டும்."

"ஓடுனாத்தான சார் நல்லாருக்கா இல்லியான்னு தெரியும்?"

"ஓடாம இருந்தா நன்னாத்தான் இருக்கும். இதில தெரிஞ்சுக்கறதுக்கு என்ன இருக்கு?"

மாரி ஒரு கேபிளைச் சுருட்டி வைத்தான். இரண்டாம் ரவுட்டர் பிளாஸ்டிக் உறையோடும் சிலிக்கா பொட்டலத்தோடும் ரேக்கில் ஏறியது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகைச் சரத்தை வெள்ளிக்கிழமைதோறும் சார் அதன்மேல் சாத்தினார். உறைக்குமேல் சந்தனம், குங்குமம். முதல் ரவுட்டர் வெறும் உடம்போடு இருபத்துநாலு மணி நேரமும் உழைத்தது.

உழைக்கிறவனுக்குத் தலைவலி வரத்தான் செய்யும். ஒருநாள் கூட்டுகிறவர் துடைப்பத்தால் கேபிளை இழுத்துவிட்டார், ஸ்கிரீனில் சிவப்பு. ஏசி நின்றது, மஞ்சள். மறுபடி சிவப்பு. ஆறு மாதத்தில் நாற்பத்தொரு எச்சரிக்கைகள். இரண்டாம் ரவுட்டர் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. ஆனால் கூப்பிட்டால் பதில் சொல்லாத கருவியை ஸ்கிரீன் சாம்பல் நிறத்தில் காட்டியது. அது மகாதேவனின் மனத்தைப் புண்படுத்தியது.

இதற்கென்று ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. கணக்கெடுப்புத் திட்டத்தின் அதிகாரி சாய்நாத்தும் வந்திருந்தார். ஒன்றரை மணி நேரம், இரண்டு சுற்று சாய், ஒரு பிளேட் வடாபாவ். முடிவில் மகாதேவன் எழுந்து நின்று சொன்னார்.

"ஒருத்தர் ஆத்துக்கு போன் பண்றோம். எடுக்கலை. உடனே செத்துட்டார்னா நினைக்கறோம்? சௌக்கியமாத் தூங்கறார்னு நினைக்கறோம். அதனால, பதில் சொல்லாதவர் நலம். மாரி, இதை எழுதிக்கோ. இதான் ரூல்."

"சார், பதில் சொல்லலன்னா..."

"நலம். பச்சை போடு."

மாரியின் ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கொருமுறை முடிந்து, மூச்சைப் பிடிக்கவைத்து, மறுபடி தொடங்கும். இந்த முறை நிரந்தரம் செய்வதாக வாக்குக் கிடைத்திருந்தது. அவன் உட்கார்ந்து ஒரே வரி எழுதினான். சாம்பல் மறைந்தது. இரண்டாம் ரவுட்டர் அரசிலைப் பச்சையில் ஜொலித்தது.

சாய்நாத் எழுந்தே விட்டார். "க்யா பாத் ஹை, மகாதேவன்ஜி! ஏக்தம் பெஸ்ட்!" அவருக்கு ஒரு நெடுநாள் துயரம் இருந்தது. புது வீட்டுக்கான குடும்பப் பட்டியலில் சில வீடுகளுக்கு எதிரே விவரம் வராமல் காலியாக இருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் மேலிடம் ஏன் என்று கேட்கும். இதே விதியை அங்கும் போட்டுவிட்டால்? விவரம் பதில் சொல்லாத வீட்டுக்கு எதிரே, 'குறை இல்லை, இருக்கும் இடத்திலேயே நலம்'.

"வீட்ல ஆள் இல்லாம இருந்திருந்தா சார்?" என்று மாரி ஹிந்தியில் கேட்டான்.

"ஆத்மி நஹீ தோ ப்ராப்ளம் பி நஹீ!" என்றார் சாய்நாத். ஆளே இல்லாவிட்டால் பிரச்சினை ஏது? ஆட்சிக்கலையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்ததால் எல்லோரும் கை தட்டினார்கள். மாரியும் தட்டினான். பதினைந்து நிமிடத்தில் அந்த வரியை அங்கேயும் எழுதிக் கொடுத்தான். யார் வீட்டு விவரமோ, நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டான்.

நமக்கென்ன என்று அவன் நினைத்ததில் ஒரு சிறு பிழை இருந்தது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் டி-417 என்று சுவரில் பெயின்டால் எழுதிய வீடு அவனுடையது. அவனுடைய அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து தகரம் போட்டு, பிறகு செங்கல் வைத்து, பிறகு மேலே ஒரு மாடி ஏற்றிய வீடு. கணக்கெடுப்பு நாளில் அவன் மனைவி இசக்கிசெல்வி பை தைக்கிற வேலைக்கு லீவு போட்டுவிட்டு, குடும்பத்தோடு வீட்டு எண் எழுதிய சிலேட்டைப் பிடித்தபடி போட்டோவுக்கு நின்றாள். அதில் மகள் கண்ணை மூடிவிட்டாள். இன்னொன்று எடுக்கச் சொன்னதற்கு, வந்தவர் முடியாது என்றுவிட்டார். பட்டியலில் தகுதி என்று வந்தால் புதுக் கட்டடத்தில் ஒரு வீடு. வராவிட்டால், சந்து வீடுகளை இடிக்கும்போது தெரு.

"ஏங்க, நம்ம போட்டோவும் அந்தப் பெட்டிக்குள்ளதான கெடக்கு?" என்று காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டே இசக்கிசெல்வி கேட்டாள்.

"ஆமா. அஞ்சாம் மாடியில."

"புள்ள கண்ண மூடுனாலும் பரவால்ல, பெட்டி கண்ண மூடிராம பாத்துக்கிடுங்க. வெள்ளிக்கெழம லிஸ்ட்டு ஒட்டுதாவளாம்."

"அதுக்குத்தான எனக்குச் சம்பளம் குடுக்காங்க," என்று மாரி கொஞ்சம் கர்வமாகவே சொல்லிவிட்டு சயானில் ரயில் ஏறினான்.

அலுவலகத்தில் அவனுக்கு ஒரு குறிப்பாணை காத்திருந்தது. பெறுநர்: ரவுட்டர் எண் ஒன்று. 'ஆறு மாதத்தில் நாற்பத்தொரு முறை ஒழுங்கீனமாக நடந்துகொண்ட தாங்கள், அதே ரேக்கில் பணியாற்றும் ரவுட்டர் எண் இரண்டின் அப்பழுக்கற்ற நடத்தையைக் கண்டும் திருந்தாதது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும். தவறினால் விளக்கம் ஏதுமில்லை எனக் கருதப்படும்.' ரவுட்டருக்குக் கை இல்லாததால் அதன் சார்பில் மாரி பதில் எழுத வேண்டும் என்று ஹெச்.ஆர். ரஞ்சனா அன்போடு விளக்கினாள்.

மாரி எழுதினான்: 'மேற்படி நாற்பத்தொரு முறையும் நான் வேலை செய்துகொண்டிருந்தேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று திரும்பி வந்தது.

திங்கட்கிழமை மதியம் விழா. ஆண்டின் தலைசிறந்த ரவுட்டர் விருது எண் இரண்டுக்கு வழங்கப்பட்டது. உறைக்குமேல் பொன்னாடை. 'நூறு விழுக்காடு பிழையற்ற சேவை' என்று சட்டம் போட்ட சான்றிதழ். கண்கலங்கிய மகாதேவன், "இதுவரை ஒரு விரல் ரேகை பட்டதில்லை," என்றார். ஓரமாக நின்ற மாரி மற்ற ரவுட்டரின் முதுகைத் தொட்டுப் பார்த்தான். கொதித்தது.

செவ்வாய் காலை பதினொன்றரைக்கு ஸ்கிரீனில் முதல் ரவுட்டர் சிவப்பாக எரிந்தது. பிறகு மஞ்சள். மறுபடி சிவப்பு. மாரி எழுந்து ஓடுவதற்குள் பச்சையாகிவிட்டது.

ஆறு மாதத்தில் அது அப்படியொரு பச்சையாக இருந்ததே இல்லை. மாரி ரேக் அருகே போய்க் காது வைத்தான். ஃபேன் ஓடவில்லை. ஒரு விளக்குகூட எரியவில்லை. தீய்ந்த வாடை வந்தது.

"சார், ஒண்ணாவது செத்துப்போச்சு சார்!"

மகாதேவன் ஸ்கிரீனைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பச்சையா இருக்கே?"

"பதில் சொல்லல சார். அதான் பச்சை. நம்ம ரூலு."

"குறிப்பாணை அனுப்பினேனோ இல்லையோ, திருந்திடுத்து பாத்தியா!"

"சார், கையெடுத்துக் கும்புடுதேன். ரெண்டாவத ஓடவிடுவோம். உறையப் பிரிச்சு, கேபிள மாட்டுனா பத்து நிமிசம்."

மகாதேவனின் முகம், சாமி சிலையைச் செருப்புக்காலோடு தொடப் போனவனைப் பார்ப்பதுபோல் ஆயிற்று. "நேத்துதான் பொன்னாடை போத்தியிருக்கு. இன்னிக்குப் பிரிச்சு ஓட்டி, அது ஏதாவது ஒரு சிவப்பு காட்டித்துன்னா? அந்தச் சான்றிதழை எங்க கொண்டுபோய் வைக்கறது? ஓட்டறதுக்காடா வாங்கினோம் அதை? அவசரத்துக்கு வாங்கினதாக்கும்!"

"இதுதான சார் அவசரம்?"

"ஸ்கிரீன்ல எங்க அவசரம்? காட்டு."

மாரியால் காட்ட முடியவில்லை. இரண்டும் பச்சையாக இருந்தன. மகாதேவன் அவன் தோளைத் தட்டி, மேசை டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்தார். நிரந்தர நியமன உத்தரவு. ரவுட்டர் எண் ஒன்று திருந்தும் நாளில் கொடுக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாராம்.

"இதை வாங்கிக்கோ. இல்லேன்னா அந்தப் பதிவேட்டுல இன்னிக்கு ஒரு பழுதுன்னு எழுது, நாப்பத்திரண்டாவதா. ரெண்டுல ஒண்ணு. உன் இஷ்டம்."

பதிவேடு மேசைமேல் திறந்திருந்தது. பக்கத்தில் பேனாவும் இருந்தது. மாரி பதிவேட்டையும் கவரையும் பார்த்தான். பட்டியலை இதற்குள் அடித்து முடித்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெள்ளிக்கிழமை ஒட்டுவதைச் செவ்வாய்க்கிழமையா அடிப்பார்கள், நிச்சயம் போன வாரமே அடித்திருப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை நிதானமாக எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம். நான்கு வருடமாகப் பதினோரு மாதத்துக்கொருமுறை நின்றுபோன மூச்சு அந்தக் கவருக்குள் இருந்தது. கவரை வாங்கிக்கொண்டான்.

பட்டியலை வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு அடித்தார்கள். மிகச் சுலபமாக, எந்தத் தடங்கலும் இல்லாமல், சாதாரணமாக எடுக்கும் நேரத்தில் பாதி நேரத்திலேயே முடிந்துவிட்டதாக சாய்நாத் பாராட்டு மெயில் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் லேபர் கேம்ப் முனையில் அறிவிப்புப் பலகைமுன் கூட்டம். மாரி வேலைக்குப் போகிற சட்டையோடு, பையில் நியமன உத்தரவோடு, இசக்கிசெல்விக்குப் பின்னால் நின்றான். அவள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே விரலால் எண்களைத் தடவிப் போனாள். 414, 415, 416. எல்லா வரிகளும் பச்சை மையில் இருந்தன. 417-உம் பச்சை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பெயர் இல்லை. போட்டோ இல்லை, கண்ணை மூடிய மகள் இல்லை.

"பச்சையாத்தான இருக்கு? அப்ப நல்லதுதான?" என்று அவள் திரும்பிக் கேட்டாள்.

பக்கத்தில் நின்ற மன்சூர் அலி, சந்தில் டெய்லர் கடை வைத்திருப்பவர், ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னார். "குறை இல்லை, இருக்கும் இடத்திலேயே நலம்னு போட்டுருக்கு தங்கச்சி. எனக்கும் அதான். சந்து பூராவும் அதான். நலமா இருக்கவங்களுக்கு வீடு கெடையாதாம்."

"நம்மகிட்ட யாரு கேட்டா நலமா இருக்கோம்னு? ஆட்சேபன குடுப்போம்."

"கீழ போட்டுருக்கே. குறை உள்ளவர்கள் மட்டும்தான் ஆட்சேபணை குடுக்கலாமாம்."

இசக்கிசெல்வி அந்தப் பச்சை வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனின் சட்டையைப் பிடித்தாள்.

"ஏங்க, நீங்க அந்த ஆபீஸ்லதான இருக்கிய? இத எழுதுன பாவி யாருன்னு கேட்டுச் சொல்லுங்க. அவன் நல்லா இருப்பானா?"

மாரிசெல்வம் பதில் சொல்லவில்லை. விதிப்படி, அவன் நலம்.